பத்து வெள்ளிக்கும் ஒன்றரை மில்லியனுக்கும் நடுவே

சீனப் புத்தாண்டை ஒட்டி ஹோங் பாவ் டோட்டோ குலுக்கல் நடக்கும் வாரத்தில் சிங்கப்பூர் பூல்ஸ் கடை வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசை புளோக் மூலையைத் திரும்பி, காப்பிக் கடை மேசைகளைச் சுற்றி, கார் நிறுத்துமிடம் வரை நீளும். முதல் பரிசு 12 மில்லியன் வெள்ளி என்றால் வெயிலும் மழையும் யாருக்கும் பொருட்டில்லை. வானொலியில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் கேள்வி தேட வேண்டிய வேலை இல்லை. "டோட்டோ விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும், தொலைபேசி ஓயாது.

பதில்களைக் கேட்டால் மனம் நிறைந்துவிடும். அம்மாவுக்கு ஊரில் ஒரு வீடு. தம்பியின் கடன். வீவக வீட்டுக் கடனை ஒரே மூச்சில் கட்டி முடிப்பது. பெருமாள் கோவிலில் அன்னதானம். ஆளுக்கு ஆள் வரிசை மாறுமே தவிர, பட்டியல் பெரும்பாலும் இதுதான். "பணம் வந்ததும் கொண்டோ வாசலில் நிற்கிற காவலரை ஒரு பிடி பிடிப்பேன்" என்று இதுவரை ஒரு நேயர்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அப்படியும் நடக்கிறது. 2019 தீபாவளி சமயத்தில் நம் கைப்பேசிகளில் சுற்றிய அந்தக் காணொளி பலருக்கு நினைவிருக்கும். ஒரு கொண்டோவில் இரவு 11 மணிக்கு மேல் விருந்தினர் கார் நிறுத்தினால் 10 வெள்ளி கட்ட வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. பண்டிகைக்கு வந்த விருந்தினர்களுக்காக அந்தக் கட்டணத்தைக் கேட்ட காவலரிடம் குடியிருப்பாளர் ஒருவர் கத்துகிறார். தகாத சொற்களுக்கு நடுவே அவர் வைத்த வாதம் ஒன்றுதான்: இந்த வீட்டை ஒன்றரை மில்லியன் வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறேன். அவர் இந்தியர் என்பதால் நம் வீடுகளில் கூடுதலாகவே வலித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் இணையத்தில் ஒரு கூட்டம் அவருடைய வேலை, படிப்பு, பூர்வீகம் எல்லாவற்றையும் தோண்டியெடுத்து, பட்டமே போலி என்று கிளப்பிவிட்டது. பட்டம் உண்மையானதுதான் என்று மனிதவள அமைச்சு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அதட்டியவர் மீது கோபப்பட்டவர்களும் அதட்டலில் அவருக்குக் குறைந்தவர்களாக இல்லை. அது வேறு கதை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கணக்கு. ஒன்றரை மில்லியன் கொடுத்தவருக்கு 10 வெள்ளி ஒரு காசா? காசு பிரச்சினையே இல்லை. இவ்வளவு கொடுத்த பிறகும் எனக்கு ஒரு விதியா, அதை இந்த ஆள் சொல்வதா என்பதுதான் அங்கே கொதித்தது. வசதி வந்தால் மனிதர்களுக்கு உண்மையிலேயே இப்படி ஆகிவிடுகிறதா? அல்லது ஏற்கெனவே இப்படி இருப்பவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்களா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பால் பிஃப் என்ற உளவியலாளர் இதை மோனோப்போலி விளையாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பேர். ஒரு நாணயத்தைச் சுண்டி, ஒருவரைப் பணக்காரர் ஆக்கிவிடுவார்கள். அவருக்குத் தொடக்கத்திலேயே இரண்டு மடங்கு பணம், உருட்ட இரண்டு பகடை, ஒரு சுற்று முடித்தால் இரண்டு மடங்கு சம்பளம். மற்றவருக்கு எல்லாம் பாதி. பகடையும் ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் ஒருதலைப்பட்சமானது என்று இருவருக்கும் தெரியும். சில நிமிடங்களிலேயே பணக்கார ஆட்டக்காரரின் நடத்தை மாறுகிறது. காயைப் பலகையில் ஓங்கித் தட்டி நகர்த்துகிறார். மேசையில் வைத்திருக்கும் நொறுக்குத் தீனியில் கூடுதலாக அள்ளிக்கொள்கிறார். குரல் உயர்கிறது. எதிரில் இருப்பவரின் நிலை பற்றிய அக்கறை குறைகிறது. கடைசியில் ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டால், எந்த இடத்தை எப்போது வாங்கினேன், எப்படித் திட்டமிட்டேன் என்று விளக்குகிறாரே தவிர, சுண்டிவிட்ட நாணயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

விளையாட்டுப் பணத்துக்கே இந்தக் கதி!

2012ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அதே குழு சாலையில் போய் நின்று பார்த்தது. பாதசாரி கடக்கும் கோட்டில் ஒருவர் காத்திருக்கும்போது எந்தக் கார் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது என்று எண்ணினார்கள். மிக மலிவான வகைக் கார்களில் ஒன்றுகூட நிற்காமல் போகவில்லை. மிக விலையுயர்ந்த வகையில் ஏறத்தாழ பாதி நிற்காமல் போயின. இதை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மலிவான கார் என்ற ஒன்றே இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. அது வெறும் உரிமைச் சான்றிதழ். அந்தப் பணத்துக்கு இன்னும் ஒரு சக்கரம்கூட வந்து சேரவில்லை!

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு "பார்த்தாயா, பணக்காரன் என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட நமக்கெல்லாம் ஆசையாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் 2015ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் பெரிய கருத்தாய்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. வசதி கூடக்கூட நன்கொடை கொடுப்பவர்கள், தொண்டு செய்பவர்கள், முன்பின் தெரியாதவருக்கு உதவுபவர்கள் அதிகமாகவே இருந்தார்கள். ஆகவே பணம் வந்தால் குணம் போகும் என்பது அறிவியல் நிரூபித்த சட்டம் இல்லை. பெருநிதி சிலரைக் கெடுக்கிறது, சிலரைக் கெடுப்பதில்லை. எது அதைத் தீர்மானிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பணக்காரர்கள் மகிழ்ச்சியில்லாதவர்கள் என்பதும் நாம் நம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதைதான். 1978ல் அமெரிக்காவில் லாட்டரி வென்ற 22 பேரை மட்டும் வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரமாகிவிட்டது. சுவீடனில் லாட்டரி வென்றவர்கள் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, அவர்கள் தங்கள் வாழ்க்கையில் மற்றவர்களைவிடத் திருப்தியாகவே இருந்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் தாராளமாக நிற்கலாம்.

யார் யாரோடு பழகுகிறோம்?

எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு உள்ளூரிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 2017 டிசம்பரில் கொள்கை ஆய்வுக் கழகம் சிங்கப்பூரர்களின் நட்பு வட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. வீவக வீட்டில் இருப்பவருக்குச் சராசரியாக வீவகவிலேயே வசிக்கும் நண்பர்கள் 4.3 பேர். தனியார் வீட்டில் வசிக்கும் நண்பர்கள் 0.8. ஒரு முழு ஆள்கூட இல்லை! தனியார் வீடுகளில் இருப்பவர்களின் வட்டம் இதைவிடக் கலப்பாக இருக்கிறது. அவர்களுக்கு வீவகவிலும் இரண்டு மூன்று நண்பர்கள் உண்டு. இனமும் மதமும்தான் நம்மைப் பிரிக்கும் என்று இத்தனை காலம் கவனமாக இருந்துவிட்டோம். ஒரே புளோக்கில் எல்லா இனமும் இருக்க வேண்டும் என்பதற்கு விகிதாச்சாரம்கூட வைத்திருக்கிறோம். வசதி மட்டும் தனிப் பாதையில் போய்விட்டது.

பழக்கம் இல்லாத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2008ல் சிராங்கூன் கார்டன்ஸில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஆக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அந்தத் தரைவீட்டுப் பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பாதுகாப்பு, சுத்தம், வீட்டு விலை என்று காரணங்கள் சொன்னார்கள். விடுதி கடைசியில் வந்தது. ஆனால் தங்குவோர் எண்ணிக்கையைக் குறைத்து, ஊழியர்கள் பேட்டைக்குள் நுழையாமல் போய்வரத் தனிச் சாலையும் போட்டுக் கொடுத்த பிறகுதான். தங்கள் வீட்டைக் கட்டியதும் இதேபோன்ற ஊழியர்கள்தான் என்பது அந்தப் பேட்டையில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. கட்டியவர் கட்டி முடித்த பிறகு எங்கே போய்த் தூங்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போவதைத் தவிர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கூட்டம் அதிகம்" என்போம். பெருநாள் கடைத்தெருவிலும் கூட்டம்தான். அங்கே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோமே. சிராங்கூன் கார்டன்ஸ்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

2018ல் வந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு இங்கே பலர் முணுமுணுத்ததும் இதைத்தான். சிங்கப்பூரின் செல்வச் செழிப்பைக் காட்டும் அந்தப் படத்தில் தெற்காசிய முகம் தெரிவது மாளிகையின் வாசலில், காவலர் சீருடையில். படம் கற்பனை, வாசல் கற்பனை இல்லை. காவலர்கள் ஏச்சும் அடியும் வாங்குவது வழக்கமாகிப் போனதால், அவர்களைத் தாக்குவோருக்கும் தொல்லை தருவோருக்கும் கூடுதல் தண்டனை என்று சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 2022 மே 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது.

பெட்டியடிப் பையன்

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியிலிருந்து சில நிமிட நடையில் மார்க்கெட் ஸ்திரீட். அங்கே இன்று 280 மீட்டர் உயரத்துக்கு கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் நிற்கிறது. 1970கள் வரை இந்தத் தெருவில்தான் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்டு ஒடுங்கிய கடைவீடு. உள்ளே வரிசையாகப் பல நிறுவனங்கள். ஒரு நிறுவனம் என்றால் ஒரு பாய், ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டகம், அவ்வளவுதான். பகலில் அங்கேயே உட்கார்ந்து ரப்பர் தோட்டக்காரருக்கும் ஈயச் சுரங்கக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். இரவில் அதே இடத்தில் படுத்துத் தூங்கினார்கள். பொதுச் சமையல், பொதுச் சாப்பாடு. மனைவி மக்கள் செட்டிநாட்டில். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குக் கப்பல்.

அதே பணம் காரைக்குடிப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்குமாக, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகளாக எழுந்தது. எனவே அவர்கள் பகட்டே தெரியாத துறவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பகட்டுக்கு ஓர் இடம், தொழிலுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது பெட்டியடிப் பையன். கடையில் எடுபிடியாகத் தொடங்கி, அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆவது அங்கே பதவி உயர்வின் படி. வசதியான வீட்டுப் பிள்ளையும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பெரியவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, ஏச்சு வாங்கி, கணக்குக் கற்றுக்கொள்வது வழக்கம். பிஃப் நடத்திய மோனோப்போலியில் பணக்கார ஆட்டக்காரருக்குக் கிடைக்காதது இதுதான். ஒரே ஒரு பகடையோடு ஆடுவது எப்படி இருக்கும் என்று அவர் ஒரு சுற்றுகூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் தன்னளவில் எளிமையாக இருப்பது வேறு, அடுத்தவரிடம் இரக்கமாக இருப்பது வேறு. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார் நிறுவனங்களின் கைக்கு வந்து சேர்ந்தது. வேண்டுமென்றே பறித்தார்கள் என்று சொல்ல முடியாது. அடகு வைத்த நிலம், அடகு பிடித்தவரிடம் போனது. பர்மிய விவசாயிக்கோ, கடைக்காரர் பாயில் படுத்தார் என்பதில் என்ன ஆறுதல் இருந்திருக்கும்? அங்கே மூண்ட இந்தியர் எதிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

சிராங்கூன் சாலையில் இன்னொரு விதமான பணக்காரர் இருந்தார். இன்றைய இளையர்களிடம் 'பிஜிபி' என்றால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் விடுதியைச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்குப் பிஜிபி என்றால் சேலை. தஞ்சைப் பக்கத்திலிருந்து 1905ல், பதினெட்டு வயதில் வந்து இறங்கிய பி. கோவிந்தசாமி பிள்ளை மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தாமே கடை வைத்தார். லிட்டில் இந்தியாவில் பிஜிபி கடைக்குப் போகாமல் கல்யாணத்துக்குத் துணி எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. ஜப்பானியர் காலத்தில் தொழில் நொடித்தது. போருக்குப் பிறகு மறுபடி எழுந்தார்.

அவருடைய கொடை கோவில், ராமகிருஷ்ணா மடம், கல்வி என்று பல பக்கம் போயிற்று. எல்லாரும் அறிந்தது சீனிவாசப் பெருமாள் கோவிலில் இருக்கும் கோவிந்தசாமி பிள்ளை கல்யாண மண்டபம். 1965ல் அதைத் திறந்துவைத்தவர் யூசோஃப் இஷாக். இதைப் படிப்பவர்களில் சிலருக்கே அங்கே தாலி கட்டியிருக்கலாம். பலர் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். மண்டபத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டாரே, அது பெருமைக்காகத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டுமே. பெயருக்காகக் கட்டிய மண்டபத்திலும் மழை ஒழுகாது.

பிள்ளையைப் போன்றவர்களுக்கு வாய்த்திருந்த ஒன்று, இன்று கொண்டோவின் இருபதாம் மாடியில் இருப்பவருக்கு வாய்ப்பதில்லை. அவர்கள் பணம் சேர்த்த தெருவிலேயே நடமாடினார்கள். கடை, கோவில், வாடிக்கையாளர், கடையில் வேலை செய்பவர் எல்லாம் ஒரே சாலையில். கெட்ட பெயர் எடுத்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மின்தூக்கியில் இறங்கி, நேரே காரில் ஏறி, அலுவலக நிலவறையில் போய் இறங்கும் வாழ்க்கையில் அந்தக் கடிவாளம் கிடையாது. நம்மைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் வாசலில் நிற்கும் காவலர். அவரும் கேட்டால் கோபம் வருகிறது.

எவ்வளவு கொடுப்பது?

நகரத்தார்களிடம் மகமை என்று ஒரு பழக்கம் உண்டு. தொழிலில் புழங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கோவிலுக்கும் அறத்துக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். மனசு வந்தபோது கொடுப்பது இல்லை, கணக்கிலேயே எழுதிவிடுவது. 1859ல் எழுந்த டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலைத் தாங்கி நின்றதும் இப்படிப்பட்ட பணம்தான். லாபம் பெருகினால் மகமையும் தானாகப் பெருகும். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நம்மிடமும் அதன் சாயல் ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் சிண்டா என்று ஒரு வரி இருக்கும். 1991ல் தொடங்கிய அமைப்பு. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு முதல் குடும்ப உதவி வரை அதிலிருந்துதான் போகிறது. 2015 முதல் உள்ள விகிதப்படி, 2,000 வெள்ளி சம்பளக்காரரிடம் 5 வெள்ளி பிடிக்கிறார்கள். 4,000 வாங்குபவரிடம் 7 வெள்ளி. சம்பளம் 15,000ஐத் தாண்டினால் 30 வெள்ளி. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அதே 30தான்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 2,000 வாங்கும் துப்புரவு மேற்பார்வையாளர் தம் சம்பளத்தில் 0.25 விழுக்காடு கொடுக்கிறார். 30,000 வாங்கும் வங்கி அதிகாரி கொடுப்பது 0.1 விழுக்காடு. யாரும் ஏமாற்றவில்லை, விதி அப்படி. அவர்களில் எத்தனையோ பேர் வேறு இடங்களில் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களாகவும் இருப்பார்கள். அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுத்தால் இரண்டரை மடங்கு வரிக்கழிவும் உண்டு.

சிண்டாத் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ படிவம் இருக்கிறது என்பது அலுவலகங்களில் பலருக்குத் தெரியும். அதே படிவத்தில் கூட்டிக்கொள்ளவும் முடியும்.